மாதவிடாய் நிற்கும் காலத்துத் தொல்லைகள்: சீன மருத்துவம் நோய்க்கோலத்தை எப்படிக் கண்டறிகிறது?

"உடம்பு குப்புனு சூடாகுது" என்று நான்கு பெண்கள் சொன்னால், சீன மருத்துவத்தில் அந்த நால்வருக்கும் நான்கு வெவ்வேறு நோய்நிர்ணயம் வரக்கூடும். ஒருவருக்குச் சூடு அடங்கியதும் தொண்டை வறளும். இன்னொருவருக்கு உடனே குளிரெடுக்கும், போர்வையைத் தேடுவார். மூன்றாமவருக்குக் கோபம் பொங்கும், வாய் கசக்கும். நான்காமவருக்கு நெஞ்சு கனக்கும், வியர்வை பிசுபிசுக்கும். சூடு வருகிறதா என்பதை எல்லாரும் கேட்கிறார்கள். சூட்டுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று கேட்பவருக்குத்தான் நோயின் வடிவம் பிடிபடும்.

அந்த வடிவத்தை இங்கே நோய்க்கோலம் என்றே சொல்வோம். அக்குபங்சரும் சீன மருந்தியலும் பயில்பவர்களுக்காக எழுதப்பட்ட வழிகாட்டி இது. சிகிச்சைக்குப் போகும் பெண்களும் படிக்கலாம். தன்னிடம் ஏன் இத்தனை கேள்விகள் கேட்கப்படுகின்றன, கேட்காமல் விட்டால் எங்கே பிழை நேரும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருப்பது நல்லது.

முதல் படி: இது அதுதானா?

மாதவிடாய் தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. அதற்கு முன் சில ஆண்டுகள் தேதி முன்பின்னாகும், போக்கு கூடும் குறையும். தொல்லைகள் பெரும்பாலும் அந்த இடைக்காலத்திலேயே தொடங்கிவிடுகின்றன. 45 வயதைத் தாண்டியவருக்கு வழக்கமான அறிகுறிகள் இருந்தால் ஹார்மோன் பரிசோதனை பெரும்பாலும் தேவைப்படாது. 40 வயதுக்குள் மாதவிடாய் நின்றால் அது வேறு விஷயம். சினைப்பை முன்கூட்டியே செயலிழப்பதாக இருக்கலாம். எலும்பும் இதயமும் பாதிக்கப்படும் என்பதால் மகளிர் மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும்.

நாடியைத் தொடுவதற்கு முன் இவற்றைக் கேட்டு முடியுங்கள்:

- 12 மாதம் நின்றபின் மறுபடி இரத்தம் பட்டதா? ஒரு சொட்டாக இருந்தாலும் முதலில் மகளிர் மருத்துவர், ஸ்கேன், தேவையானால் கருப்பை உட்சவ்வுப் பரிசோதனை. கருப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளம் பல சமயம் இதுதான். "இரத்தச் சூடு" என்று பெயர் வைத்து மூலிகை கொடுத்து நாளைக் கடத்துவது, இந்தத் துறையில் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு.
- மணிக்கொரு நாப்கின் நனைகிற அளவு போக்கு உண்டா? உறவுக்குப் பின் இரத்தம் வருகிறதா?
- இரவு வியர்வையோடு காய்ச்சல், எடை இறங்குதல், கழுத்தில் கட்டி, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் ஏதாவது உண்டா? காசநோயும் நிணநீர்ப் புற்றும் இப்படித் தலைகாட்டும்.
- படபடப்பு, கை நடுக்கம், நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பு இருந்தால் தைராய்டு பரிசோதனை. மிகையாகச் சுரக்கும் தைராய்டு, சீன மருத்துவம் "யின் குறைவு" என்னும் நிலை (உடலுக்குக் குளிர்ச்சியும் ஈரமும் தருவது குறைதல்) போலவே இருக்கும்: சூடு, வியர்வை, தூக்கமின்மை, வேகநாடி, சிவந்த நாக்கு எல்லாம் பொருந்தும்.
- மாதவிடாய் தள்ளிப்போயிருக்கிறதா? 47 வயதானாலும் கர்ப்பப் பரிசோதனை ஒன்று செய்துவிடுவது நல்லது.
- நெஞ்சு வலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி இருந்தால் அவசரப் பிரிவு. வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அன்றே மனநல உதவி.

மருந்துப் பட்டியலை வாய்ச்சொல்லாகக் கேட்காதீர்கள், அட்டையையே வாங்கிப் பாருங்கள். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் அம்லோடிபின் முகத்தில் சூடேற்றும், கணுக்காலை வீங்கவைக்கும். டமாக்சிஃபென் எடுப்பவருக்குக் குப்பென்ற சூடு மருந்தாலேயே வரும். மனச்சோர்வு மாத்திரைகள் சில வியர்வையைக் கூட்டும். அட்டெனலால், மெட்டோபிரலால் நாடியை மெதுவாக்கும். தைராக்சின் மாத்திரையின் அளவு கூடினால் நாடி விரையும். இதெல்லாம் தெரியாமல் நாடி பார்த்தால், விரலில் தட்டுவது நோயல்ல, மாத்திரை.

சீன மருத்துவம் இதை எங்கே வைத்துப் பார்க்கிறது

ஹுவாங்டி நெய்ஜிங் என்ற, ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையுள்ள மூலநூலின் முதல் அத்தியாயமே பெண்ணின் வாழ்வை ஏழேழு ஆண்டுகளாகப் பிரிக்கிறது. 7 வயதில் பல் விழுந்து முளைக்கும், முடி வளரும். 14-இல் தியன்குய் என்னும் கருவளத்தின் சாரம் வந்து சேரும், ரென், சோங் என்ற இரு நாளங்களும் திறந்து நிறையும், பூப்பு நிகழும். 35-இல் முகப்பொலிவு மங்கத் தொடங்கும். 42-இல் தலை நரைக்கும். 49-இல் ரென் வெறுமையாகும், சோங் மெலியும், தியன்குய் தீரும், மாதவிடாய் நிற்கும். ஏழை ஏழால் பெருக்கிய இந்தக் கணக்கு இன்று எல்லாருக்கும் பொருந்துவதில்லை. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக அதற்குச் சில ஆண்டு முன்பே நின்றுவிடுகிறது. மேலை நாடுகளில் 51-ஐ ஒட்டி நிற்கிறது. கணக்கை விட்டாலும் கருத்து நிற்கிறது: இது நோயல்ல, பருவ மாற்றம். மாற்றத்தைச் சமன்செய்ய உடலால் முடியாதபோது வருவதுதான் தொல்லை. சீன மகளிர் மருத்துவப் பாடநூல்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரும் "மாதவிடாய் நிற்பதற்கு முன்னும் பின்னும் தோன்றும் பல்வேறு கோலங்கள்" என்றே பொருள்படும்.

வேர் சிறுநீரகத்தில் என்கிறது சீன மருத்துவம். இங்கே ஓர் எச்சரிக்கை. அது சொல்லும் சிறுநீரகம் கிரியாட்டினின் பார்க்கும் சிறுநீரகம் அல்ல. பிறப்பு, வளர்ச்சி, கருவளம், எலும்பு, காது, முதுமை ஆகிய அனைத்துக்கும் கொடுத்த பொதுப் பெயர் அது. "உங்க கிட்னி வீக்கா இருக்கு அம்மா" என்று ஒருவர் சொல்லிவிட, அந்தப் பெண் பயந்துபோய் டயாலிசிஸ் பற்றி விசாரிக்கத் தொடங்குவார். "சீன முறையில் சொல்லும் சிறுநீரக ஆற்றல், உங்கள் கிட்னிக்கு ஒன்றுமில்லை" என்று பிரித்துச் சொல்வது நோய்நிர்ணயத்தின் ஒரு பகுதி.

சிறுநீரகத்துக்கு இரு முகம். யின் குளிர்ச்சியும் ஈரமும் தருவது. குறைந்தால் சூடும் வறட்சியும். யாங் வெம்மையும் இயக்கமும் தருவது. குறைந்தால் குளிரும் வீக்கமும் சோர்வும். சிறுநீரகம் தளர்ந்தபின் மற்ற உறுப்புகள் ஒவ்வொன்றும் தத்தம் வழியில் தடுமாறும்: கல்லீரல் கோபமாக, இதயம் தூக்கமின்மையாக, மண்ணீரல் சோர்வும் கபமுமாக.

இரண்டாம் படி: 14 நாள் குறிப்பேடு

முதல் சந்திப்பிலேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தில் 14 நாள் குறித்துவரச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை சூடு எழும்போதும் ஐந்தே விஷயங்கள்: எத்தனை மணி, எங்கே தொடங்கியது, எவ்வளவு நேரம், வியர்த்ததா, அடங்கியபின் என்ன. இரவில் எழுத முடியாதென்றால் தலையணைக்கருகே தாளில் ஒரு கோடு போட்டு வைத்தால் போதும், காலையில் எண்ணிக்கொள்ளலாம்.

நினைவை நம்பிச் சொன்னால் எல்லாரும் "எப்பவும் வருது" என்றுதான் சொல்வார்கள். எழுதிப் பார்த்தால் மாலை 4-லிருந்து 7-க்குள் குவிந்திருக்கும், அல்லது அலுவலகக் கூட்டத்துக்கு முன்பு மட்டும் வந்திருக்கும். முன்னது யின் பக்கம் இழுக்கும். பின்னது கல்லீரல் பக்கம். பிறகு சிகிச்சை பலித்ததா என்று அளக்கவும் இந்த எண்ணிக்கையே அடிப்படை.

மூன்றாம் படி: கேட்பது

நான்கு வழிப் பரிசோதனை என்பது பார்த்தல், கேட்டு முகர்தல், வினாவுதல், தொடுதல். மாதவிடாய் நிற்கும் காலத் தொல்லைகளில் பாதிக்கு மேல் வினாவுவதிலேயே பிடிபட்டுவிடும். மிங் காலத்து மருத்துவர் ஜாங் ஜியேபின் (1563–1640) பத்துக் கேள்விகளைப் பாட்டாகவே கட்டிவைத்தார். குளிரும் சூடும் முதல் கேள்வி, வியர்வை இரண்டாவது. அந்த வரிசையையே இங்கும் பின்பற்றலாம்.

சூடும் குளிரும். "சூடு எங்கே தொடங்குது அம்மா? வயிற்றிலிருந்து மேலே ஏறுதா, நெஞ்சில் இருந்து முகத்துக்கா? அடங்கினதும் ஃபேனை வைக்கிறீங்களா, நிறுத்துறீங்களா?" கடைசிக் கேள்வி மிக முக்கியம். உள்ளங்கை, உள்ளங்கால், நெஞ்சு மூன்றும் எரிந்து, இரவில் காலைப் போர்வைக்கு வெளியே நீட்டிப் படுக்கிறாரென்றால் யின் குறைவு. முகம் எரியும்போதே பாதம் சில்லிட்டிருந்தால் யின், யாங் இரண்டும் குறைவு. நாள் முழுக்க குளிர், இடையில் எப்போதாவது சூடு என்றால் யாங் குறைவு.

தமிழ்ப் பேச்சில் "சூடு" என்பதற்குப் பொருள் பல. சிறுநீர் கடுத்தாலும் சூடு, கண் எரிந்தாலும் சூடு, வாய்ப்புண் வந்தாலும் சூடு. எந்தச் சூட்டைச் சொல்கிறார் என்று தெளிவாகும்வரை மேலே போகாதீர்கள்.

வியர்வை. பழைய விதி: வேலை செய்யாமலே பகலில் வியர்த்தால் ஆற்றல் அல்லது யாங் குறைவு, தூக்கத்தில் வியர்த்து, விழித்ததும் நின்றால் யின் குறைவு. இரண்டாவதைத் திருட்டு வியர்வை என்கிறார்கள் சீனர்கள், வீட்டார் தூங்கும்போது வருவதால். ஆனால் மாதவிடாய் நிற்கும் காலத்தில் இந்த விதியைக் கண்மூடிப் பொருத்தக் கூடாது. இங்கே பெண் முதலில் சூட்டில் விழிக்கிறார், வியர்வை அதன்பின். அதனால் இரவு வியர்வை ஒன்றை மட்டும் வைத்து யின் குறைவு என்று முடிவு செய்யாமல், வியர்வை நீர்போல் இருக்கிறதா, பிசுபிசுக்கிறதா, வியர்த்தபின் சோர்வா ஆறுதலா என்று கேளுங்கள். வியர்த்தபின் துவண்டுபோனால் குறைவின் கோலம். வியர்த்தபின் மனம் லேசானால் உள்ளே அடைபட்டிருந்த சூடு.

தூக்கம். படுத்ததும் வரவில்லையா, வந்தபின் கலைகிறதா, கலைந்தால் எத்தனை மணிக்கு? படபடப்போடு விழிப்பது இதயத்தின் பக்கம், கனவுகள் நிறைந்து கோபத்தோடு விழிப்பது கல்லீரலின் பக்கம். சிறுநீர் கழிக்க மூன்று நான்கு முறை எழுந்து, நீரும் தெளிவாக நிறையப் போனால் யாங் குறைவு. அதற்குமுன் ஒருமுறை இரத்தச் சர்க்கரை பார்த்திருக்க வேண்டும்.

மலமும் பசியும். விடியற்காலையில் வயிறு இரைந்து அவசரமாகப் போனால் சிறுநீரக யாங் குறைவுக்குப் பழைய நூல்கள் சொல்லும் தனி அடையாளம். உலர்ந்து உருண்டை உருண்டையாகப் போனால் யின் அல்லது இரத்தக் குறைவு. சாப்பிட்டதும் வயிறு உப்பி, மலம் இளகி ஒட்டிக்கொண்டால் மண்ணீரல். தாகம் உண்டா என்பதோடு நிறுத்தாமல், எப்படிக் குடிக்கிறார் என்றும் கேளுங்கள். மிடறு மிடறாக வாயை நனைப்பவர் யின் குறைவு. ஐஸ் தண்ணீரை மடமடவென்று குடிப்பவருக்கு உண்மையான நெருப்பு.

மாதவிடாய் வரலாறு. கடைசியாக வந்த தேதி, கடந்த ஓராண்டின் இடைவெளிகள், நிறம், கட்டி, வலி. கருமையான கட்டிகளும் குத்துவலியும் இரத்தத் தேக்கம். வெளிறி நீர்த்துப் போவது இரத்தம் அல்லது யாங் குறைவு. கருப்பை அகற்றப்பட்டவருக்கு இந்தத் தடயம் இருக்காது; நாக்கையும் நாடியையும் கூடுதலாக நம்ப வேண்டியிருக்கும்.

கேட்கத் தயங்கும் இரண்டு கேள்விகளைக் கேட்டே தீருங்கள்: பிறப்புறுப்பு வறட்சியும் உறவின்போது வலியும் உண்டா, இருமினால் சிறுநீர் கசிகிறதா? பெண்கள் தாமாகச் சொல்லமாட்டார்கள். கணவரோ மாமியாரோ கூட இருந்தால் நிச்சயமாகச் சொல்லமாட்டார்கள். தனியாகப் பேச ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

மனம் பற்றிக் கேட்கும்போது "டென்ஷனா?" என்று கேட்டால் யாரும் ஆம் என்பார்கள். எரிந்து விழுகிறாரா, காரணமில்லாமல் அழுகிறாரா, ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப உருட்டுகிறாரா, பயப்படுகிறாரா என்று பிரியுங்கள். எரிச்சல் கல்லீரல், உருட்டும் கவலை மண்ணீரல், பயம் சிறுநீரகம். காரணமில்லா அழுகையும் அடிக்கடி கொட்டாவியும் சேர்ந்த கோலத்தைச் சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் தனியாகவே குறித்திருக்கிறார். அதற்கு அவர் எழுதிய மருந்து மூன்றே பொருள்: அதிமதுரம், கோதுமை, சீன இலந்தை.

நான்காம் படி: நாக்கு

நாக்கு பார்க்க வரும் நாளில் காலையில் நாக்கு வழிக்கக் கூடாது. நம் வீடுகளில் பல் தேய்த்ததும் கை தானாக அதற்குப் போய்விடும் என்பதால் முந்தின நாளே சொல்லி வையுங்கள். வழித்த நாக்கில் படிவமே இருக்காது. அதைப் பார்த்து "படிவமற்ற நாக்கு, யின் குறைவு" என்று எழுதிவிடுவோம். காபி, வெற்றிலை, நாவற்பழம், பீட்ரூட், மஞ்சள் தூக்கலான குழம்பு இவையும் நிறத்தை மாற்றும். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும்.

சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே உட்காரவைத்து, நாக்கைத் தளர்வாக நீட்டச் சொல்லுங்கள். 15–20 விநாடிக்கு மேல் நீட்டினால் இரத்தம் கட்டி நிறம் கருக்கும். ஒருமுறை உள்ளே இழுத்து, இளைப்பாறி, மறுபடி நீட்டட்டும்.

பார்க்கும் வரிசை: நாக்கின் நிறம், வடிவம், படிவம், ஈரம், கடைசியாக அடிப்பக்க நரம்பு. நுனி இதயத்துக்கும் நுரையீரலுக்கும், ஓரங்கள் கல்லீரலுக்கு, நடு செரிமானத்துக்கு, வேர்ப்பகுதி சிறுநீரகத்துக்கு. சிவந்து மெலிந்து, வெடிப்போடு, படிவம் குறைந்திருந்தால் யின் குறைவு. வெளிறி உப்பி, ஓரத்தில் பல் பதிந்து, ஈரம் மின்னினால் யாங் குறைவு. நுனி மட்டும் செக்கச்செவேல் என்றால் இதயத்தில் நெருப்பு. தடித்த பிசுபிசுப்பான படிவம் கபம். ஊதா நிறமோ புள்ளிகளோ, நாக்கடி நரம்புகள் தடித்து முறுக்கியிருப்பதோ தேக்கம்.

ஒரு பொறி உண்டு. வழவழவென்று, படிவமே இல்லாமல், எரிச்சலோடு சிவந்த நாக்கு இரும்புச்சத்து அல்லது பி12 குறைவாலும் வரும். சைவ உணவு உண்பவர், நீண்டகாலம் மெட்ஃபார்மின் எடுப்பவர் என்றால் இந்தச் சந்தேகம் இன்னும் வலு. இரத்தப் பரிசோதனை செய்யாமல் இதை யின் குறைவு என்று ஆறு மாதம் மருந்து கொடுத்தால், இரத்தசோகையும் நரம்புப் பாதிப்பும் அந்த ஆறு மாதத்தில் முற்றும். ஆண்டிபயாட்டிக் எடுத்தவரின் படிவத்தையும் சில வாரத்துக்கு நம்பாதீர்கள்.

ஐந்தாம் படி: நாடி

சித்த நாடி தெரிந்தவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். அங்கும் மூன்று விரல், இங்கும் மூன்று விரல். ஆனால் சித்தத்தில் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் முறையே வாதம், பித்தம், கபம் சொல்லும். சீன முறையில் ஒவ்வொரு விரலின் அடியிலும் ஓர் உறுப்பு. இரண்டு கையும் பார்த்தே ஆகவேண்டும். ஒன்றின் விளக்கத்தை இன்னொன்றில் ஏற்றினால் இரண்டும் கெடும்.

ஐந்து முதல் பத்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தபின், கை இதய உயரத்தில், உள்ளங்கை மேல்நோக்கி, மணிக்கட்டுக்கு அடியில் சிறு தலையணை. கட்டைவிரல் பக்கத்தில் மணிக்கட்டுக்கு மேலே துருத்தும் எலும்பை ஒட்டி முதலில் நடுவிரலை வையுங்கள். அதுதான் குவான் என்ற நடு இடம். மணிக்கட்டுப் பக்கம் ஆள்காட்டி, முழங்கைப் பக்கம் மோதிர விரல். உயரமானவருக்கு விரல்களை இடைவிட்டும், குள்ளமானவருக்கு நெருக்கியும் வையுங்கள். இடக்கையில் மணிக்கட்டிலிருந்து இதயம், கல்லீரல், சிறுநீரக யின். வலக்கையில் நுரையீரல், மண்ணீரல், சிறுநீரக யாங்.

மெல்லத் தொட்டு, சற்று அழுத்தி, எலும்புவரை அழுத்தி என மூன்று ஆழத்தில் உணருங்கள். குறைந்தது 50 துடிப்பு. உங்கள் ஒரு மூச்சுக்கு நான்கைந்து துடிப்பு இயல்பு; ஆறென்றால் வேகம், மூன்றென்றால் மந்தம். உங்களுக்கே மூச்சு வாங்கினால் இந்தக் கணக்கு பொய்க்கும் என்பதால் கடிகாரத்திலும் பாருங்கள்.

1564-இல் லீ ஷிஜென் எழுதிய நாடி நூல் 27 வகை சொல்கிறது. இந்தப் பருவத்துக்கு ஆறேழு போதும். நூலிழையாக ஓடி வேகமாகத் துடித்தால் யின் குறைவு. ஆழத்தில் மட்டும் கிடைத்து, வலுவற்று, மெதுவாக இருந்தால் யாங் குறைவு. யாழ்த்தந்திபோல் விறைத்திருந்தால் கல்லீரல். தட்டில் முத்துருளும் வழுக்கல் கபம். கத்தியால் மூங்கிலைச் சுரண்டுவதுபோன்ற தடங்கல் தேக்கம். மேலே பெரிதாக மிதந்து, அழுத்தினால் வெறுமையாகும் நாடியை நெருப்பு என்று எண்ணி ஏமாறாதீர்கள். கீழே பிடிமானமில்லாத யாங் மேலே மிதக்கிறது. இரு கையிலும் மோதிரவிரல் இடம் மட்டும் தளர்ந்திருப்பது இந்தப் பருவத்தில் எதிர்பார்க்க வேண்டியதே. அது வேரைச் சொல்லும்; எந்தக் கோலம் என்று சொல்லாது. விட்டுவிட்டு ஒழுங்கின்றித் துடித்தால் விளக்கம் தேடாமல் இசிஜி எடுக்க அனுப்புங்கள்.

நாடியோடு பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். உள்கணுக்கால் எலும்புக்கும் குதிகால் நாணுக்கும் நடுப்பள்ளத்தில் தாய்சி என்ற சிறுநீரகப் புள்ளி இருக்கிறது. அங்கே தசை தளர்ந்து, தோல் குளிர்ந்திருந்தால் யாங் பக்கச் சந்தேகம் வலுப்படும்.

ஆறாம் படி: கோலத்தை முடிவு செய்தல்

சிறுநீரக யின் குறைவு. மாலையிலும் இரவிலும் கூடும் சூடு, கன்னத்தில் மட்டும் சிவப்பு, வறண்ட தொண்டை, காதில் ரீங்காரம், இடுப்பு நோவு, பிறப்புறுப்பு வறட்சி. சிவந்து படிவம் குறைந்த நாக்கு, நூல்போன்ற வேக நாடி. அடிப்படை மருந்து ஆறு பொருள் சேர்ந்த லியு வெய் தி ஹுவாங். சுங் காலத்தில் குழந்தைகளுக்காக எழுதப்பட்ட யோகம் இது. பதப்படுத்திய ரெஹ்மானியா வேர் எட்டுப் பங்கு, கார்னஸ் கனியும் சீன வள்ளிவகைக் கிழங்கும் நந்நான்கு, மற்ற மூன்றும் மும்மூன்று பங்கு. ரெஹ்மானியா பிசுக்கான பொருள். மலம் இளகுபவருக்கு, படிவம் தடித்தவருக்கு இதைக் கொடுத்தால் வயிறு உப்பி, பசி செத்து, கபம் கூடும். கோலம் தவறினால் மருந்து சும்மா இருப்பதில்லை என்பதற்கு நல்ல உதாரணம் இது.

சிறுநீரக யாங் குறைவு. குளிர்ந்த கைகால், வெளிறிய முகம், கணுக்கால் வீக்கம், அடிக்கடித் தெளிந்த சிறுநீர், இடுப்பில் குளிர்ச்சி, ஆர்வமின்மை. வெளிறி உப்பிய நாக்கு, ஆழ்ந்த தளர் நாடி. தைராய்டு மந்தமானாலும் இதே படம்தான் என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டும் குறைவு. நடைமுறையில் அதிகம் தவறவிடப்படுவது இதுதான். சூடும் குளிரும் மாறிமாறி, முகம் எரிய பாதம் சில்லிட, வியர்த்ததும் நடுக்கம். நாக்கும் நாடியும் முரண்படும்: வெளிறிய நாக்கில் சிவந்த நுனி, அல்லது சிவந்த நாக்கோடு மந்த நாடி. முரண் தெரிந்தால் ஏதோ ஒன்றைத் தவறாகப் பார்த்துவிட்டோம் என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஒதுக்காதீர்கள், அந்த முரணே கோலம். 1950-களில் ஷாங்காயில் உருவான எர் சியன் தாங் என்ற கஷாயம் இதற்காகவே அமைந்தது: வெம்மை தரும் மூலிகை மூன்று, சூட்டை இறக்கும் இரண்டு, இரத்தம் ஊட்டும் ஒன்று. அதன் பெயரில் உள்ள இரு "சியன்"களில் ஒன்றான சியன் மாவ், நம் நாட்டு நிலப்பனைக் கிழங்கேதான். சீன மருந்தியல் அதை நச்சுள்ளதாகவே வகைப்படுத்துகிறது. நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கிறதே என்று தானாக வாங்கிக் காய்ச்சுவது கூடாது.

இந்த மூன்றும் வேர். இவற்றின்மேல் கிளைகள் படரும். கல்லீரல் தேங்கி நெருப்பானால்: நெற்றிப்பொட்டில் வலி, காலையில் வாய்க்கசப்பு, மார்பில் விம்மல், கோபத்தைத் தொடர்ந்து சூடு, விறைத்த நாடி. இதயமும் சிறுநீரகமும் தொடர்பறுந்தால்: தூக்கமே வராமை, படபடப்பு, மறதி, சிவந்த நாக்கு நுனி. இதயமும் மண்ணீரலும் தளர்ந்தால்: ஓயாத கவலை, சோர்வு, இளகிய மலம், வெளிறிய நாக்கு. கபம் சேர்ந்தால்: தலைக்கனம், எடை ஏறுதல், விழுங்கவும் துப்பவும் முடியாமல் தொண்டையில் கொட்டை அடைத்ததுபோன்ற உணர்வு. தேக்கம் சேர்ந்தால்: ஒரே இடத்தில் இரவில் கூடும் வலி.

முடிவை எப்போதும் இரண்டு பகுதியாக எழுதுங்கள்: வேர் ஒன்று, கிளை ஒன்று அல்லது இரண்டு. ஐந்து கோலங்களை அடுக்கியிருந்தால் இன்னும் நோய்நிர்ணயம் ஆகவில்லை என்று பொருள்.

பயிற்சிக்கு ஒன்று

50 வயது, கடைசி மாதவிடாய் 5 மாதம் முன்பு. நாளுக்கு 8 முறை சூடு, பாதியும் மருமகளோடு வாக்குவாதத்துக்குப் பின். முகம் முழுக்கச் சிவக்கும். அடங்கியபின் தொண்டை வறட்சி. அதிகாலையில் விழிப்பு, வாய்க்கசப்பு. பாதம் வெதுவெதுப்பு. மலம் உலர்ந்தது. நாக்கு சிவப்பு, ஓரங்கள் இன்னும் சிவப்பு, நடுவில் மெல்லிய மஞ்சள் படிவம், வேரில் படிவமே இல்லை. நாடி விறைப்பு, நிமிடத்துக்கு 88, மோதிரவிரல் இடத்தில் நூல். மருந்து எதுவும் எடுப்பதில்லை, தைராய்டு இயல்பு.

வேரில் படிவமின்மையும் நூல் நாடியும் வறட்சியும் சிறுநீரக யின் குறைவைச் சொல்கின்றன. விறைப்பும் சிவந்த ஓரமும் கசப்பும் கோபத்தைத் தொடரும் சூடும் கல்லீரல் நெருப்பைச் சொல்கின்றன. பாதம் குளிரவில்லை, எனவே யாங் குறைவு இல்லை. பாதம் மட்டும் சில்லிட்டிருந்தால் முடிவு முற்றிலும் மாறியிருக்கும். இவருக்கு எடுத்ததும் வெறும் லியு வெய் கொடுத்தால் பெரிதாகப் பலன் தெரியாது, மேலே எரியும் நெருப்பு அப்படியே நிற்கும். முதல் இரண்டு வாரம் கல்லீரலைத் தணித்து, பிறகு வேரை ஊட்டுவது முறை.

ஏழாம் படி: முடிவைச் சரிபார்த்தல்

சூடு குறைந்தால் கணிப்பு சரி என்று நினைப்பது இயல்பு. அது அவ்வளவு எளிதல்ல. ஆஸ்திரேலியாவில் நடந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், சிறுநீரக யின் குறைவு என்று சீன முறையில் கணிக்கப்பட்ட 327 பெண்கள் 8 வாரத்தில் 10 முறை அக்குபங்சர் சிகிச்சை பெற்றார்கள். பாதிப்பேருக்கு உண்மையான ஊசி, மற்றவர்களுக்குத் தோலைத் துளைக்காத மொட்டை ஊசி. இரு குழுவிலும் சூட்டின் தொல்லை சுமார் 40 சதவீதம் குறைந்தது; இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. கவனிப்பும் எதிர்பார்ப்பும் காலமும் சூட்டைத் தணிக்கும். அதனால் சூட்டின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். தூக்கம், மலம், பாதத்தின் குளிர், நாக்கின் படிவம் ஆகியவையும் கணித்த திசையில் நகர்கின்றனவா என்று நான்காம் வாரம் பாருங்கள். சூடு குறைந்து, வயிறு உப்பி, படிவம் தடித்தால் கணிப்பைத் திருத்த வேண்டிய நேரம் அது. கடும் தொல்லை உள்ளவருக்கு ஹார்மோன் சிகிச்சை நன்கு சோதிக்கப்பட்ட வழி என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மூலிகை தொடங்கும் முன் சில தடைகள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு, இரத்தம் ஊட்டச் சேர்க்கும் டாங் குய் வேர் வேண்டாம், இரத்தப்போக்கு கூடும். அதிமதுரம் நாளடைவில் இரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தைக் குறைக்கும். யாங் ஊட்டச் சேர்க்கும் அக்கோனைட் வேர் சரியாகப் பதப்படுத்தாவிட்டால் இதயத்தைக் கொல்லும். நரைக்கும் முடிக்கும் என்று விற்கப்படும் ஹே ஷோ வூ கல்லீரலைப் பாதித்த நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. மார்பகப் புற்று வந்தவருக்குப் புற்றுநோய் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் எந்த மூலிகையும் தர வேண்டாம்.

மறுபரிசோதனைக்கு வரும் நாளில் புதிய 14 நாள் குறிப்பேட்டைப் பழையதன் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, முதல் நாள் கேட்ட அதே கேள்விகளை அதே வரிசையில் கேளுங்கள். நாக்கை அதே சன்னலருகே, அதே நேரத்தில் பாருங்கள். இடைக்காலத்தில் இரத்தம் பட்டதா என்று மறுபடி கேளுங்கள். முதல் நாள் இல்லை என்று சொன்னவருக்கும் இப்போது பட்டிருக்கலாம்.